மின்சாரக் குடும்பம் – 7: கல்கத்தாவுக்கு 28 நிமிடம்

இதுவரை: பெற்றோரை அடுத்தடுத்து இழந்த தம்பி தங்கைகளைத் தகப்பன் ஸ்தானத்தில் நின்று கரையேற்றிய பீரங்கிப் படை அதிகாரி வெர்னர் சீமென்ஸ், 1847 அக்டோபரில் மெக்கானிக் ஹால்ஸ்கேயுடன் சேர்ந்து பெர்லினில் தந்திப் பட்டறை திறந்தார். வேலைக்குப் பத்துப் பேர். முதலாக 6,842 தாலர் கொடுத்தவர் வக்கீலான ஒன்றுவிட்ட அண்ணன். 1849இல் பெர்லின்–பிராங்பர்ட் தந்தித் தடத்தைப் போட்டுப் பெயர் வாங்கினார்கள். 1851இல் பிரஷ்ய அரசோடு மனஸ்தாபம் வந்து ஆர்டர்கள் நின்றன. ரஷ்யா கைகொடுத்தது. தம்பி கார்ல் அங்கே போய், கிரிமியப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே செவாஸ்டபோல் வரை கம்பி இழுத்தார். இழுத்த கம்பியைப் பன்னிரண்டு ஆண்டு பராமரிக்கும் ஒப்பந்தமும் கிடைத்தது.

அந்தப் பன்னிரண்டு ஆண்டு என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காண்டிராக்ட் தொழிலில் கட்டித் தருவது ஒருமுறைக் காசு, பராமரிப்பதுதான் வருஷக் காசு. பெர்லின் பட்டறை ஒரு கம்பெனியாக நிமிர்ந்தது இந்த வருஷக் காசில்தான். அது 1867இல் முடியப்போகிறது.

அதற்கு மூன்று வருடம் முன்னால், கடலில் ஓர் அடி விழுந்தது.

கேபிள் அறுந்தது

1863இல் லண்டனுக்குப் பக்கத்தில், தேம்ஸ் கரையோரம் சார்ல்டனில் ஒரு கேபிள் தொழிற்சாலை எழுந்தது. முன்னின்று எழுப்பியவர் லண்டன் கிளையை நடத்திவந்த தம்பி வில்ஹெல்ம். அவர் ஸ்காட்லாந்துப் பெண் வீட்டில் சம்பந்தம் செய்து, பிரிட்டிஷ் குடியுரிமையும் வாங்கிவிட்டவர். கேபிளை அடுத்தவரிடம் வாங்கிப் போட்டுக் கொடுத்தால் லாபம் அடுத்தவருக்குத்தான் போகும், நாமே செய்ய வேண்டும் என்பது அவர் கணக்கு.

தொழிற்சாலைக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் பிரெஞ்சு அரசினுடையது. ஸ்பெயினின் கார்டஹேனாவிலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி அல்ஜீரியாவின் ஓரான் வரை கேபிள் போட வேண்டும். அல்ஜீரியா அப்போது பிரான்ஸின் ஆட்சியில் இருந்தது. பாரிஸிலிருந்து அங்கே தந்தி போக இதுதான் குறுக்குவழி.

1864 ஜனவரியில் வெர்னரும் வில்ஹெல்மும் ‘டிஸ் டெசாம்பர்’ என்ற பிரெஞ்சுக் கப்பலில் ஏறினார்கள். வில்ஹெல்மின் மனைவி ஆனும் உடன் வந்தார். கப்பலில் வில்ஹெல்ம் வடிவமைத்த ராட்சத உருளை ஒன்று இருந்தது. செங்குத்தாக நிற்கும் அச்சில் சுழன்று, முறுக்கு விழாமல் கேபிளை அவிழ்த்துவிடுவதற்காகச் செய்தது.

காகிதத்தில் அழகாக இருந்த யோசனை கடலில் எடுபடவில்லை. கேபிள் அறுந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி அறுந்தது.

அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. கடல் கொந்தளித்த ஓர் இரவில் அந்த உருளை பிடியை அறுத்துக்கொண்டு கழன்றது. கப்பல் சாய்ந்த பக்கமெல்லாம் அத்தனை எடையும் உருண்டு மோதியது. இன்னும் நாலு மோதலில் கப்பலின் பக்கவாட்டுச் சுவரே பெயர்ந்திருக்கும். கப்பல் தலைவன் திசையைத் திருப்பி ஆட்டத்தைக் குறைக்க, மாலுமிகள் கட்டைகளைச் செருகி, கயிறு போட்டுக் கட்டி, அதை ஒருவழியாக அடக்கினார்கள். முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் வெர்னர் இந்தப் பயணத்துக்குப் பல பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். அண்ணன், தம்பி, தம்பி மனைவி மூவரும் அன்று உயிரோடு கரை சேர்ந்ததால்தான் இந்தத் தொடருக்கு ஏழாம் பாகம் இருக்கிறது.

புதுக் கேபிள் செய்துகொண்டு அதே வருடம் திரும்பவும் போனார்கள். இந்த முறை கேபிள் கரை சேர்ந்தது. ஓரானுக்கும் பாரிஸுக்கும் இடையே தந்திகள் பறந்தன. சில மணி நேரம்தான். ஸ்பெயின் கரைக்குப் பக்கத்தில், கடலுக்கடியில் இருந்த பாறை விளிம்பில் கேபிள் அறுந்துவிட்டது.

நஷ்டம் முழுவதும் கம்பெனியின் தலையில்.

ஹால்ஸ்கே கேட்டது நியாயம்தான்

குடும்பக் கம்பெனிகளின் கதையில் விலகிப்போகும் கூட்டாளியைக் கோழையாக எழுதிவிடுவது வழக்கம். ஹால்ஸ்கேக்கு அந்த அநியாயத்தைச் செய்யக் கூடாது.

ஹாம்பர்க்கில் பிறந்த அந்த மெக்கானிக் இல்லாவிட்டால் வெர்னரின் வரைபடங்கள் வரைபடங்களாகவே இருந்திருக்கும். பட்டறையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு கருவியும் தன் கண்ணில் பட்டாக வேண்டும், திருகாணி சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், பித்தளை மினுக்கம் குறையக் கூடாது என்று இருந்தவர். சீமென்ஸ் கருவி என்றால் நம்பி வாங்கலாம் என்ற பேர் அவர் கையால் வந்தது.

ஆனால் அவர் கட்டிய பட்டறையும் வில்ஹெல்ம் கனவு கண்ட தொழிலும் வேறு வேறு. பட்டறையில் தப்பு நடந்தால் பொருளைத் திருப்பி எடுத்துச் சரிசெய்யலாம். நடுக்கடலில் நடந்தால் மொத்த முதலும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். லண்டனில் வில்ஹெல்ம் கையெழுத்துப் போடும் ஒரு ஒப்பந்தம், பெர்லினில் தான் பதினேழு வருடம் சேர்த்ததை ஒரே மாதத்தில் துடைத்துவிடும் என்று ஹால்ஸ்கே பயந்தார். ஓரான் கணக்கைப் பார்த்த பிறகு அது வெறும் பயமாக இல்லை.

லண்டன் கிளையை மூடுங்கள் அல்லது பிரித்து விடுங்கள் என்றார் ஹால்ஸ்கே.

வெர்னருக்கு இது தொழில் கணக்கு மட்டும் அல்ல. சிறு வயதிலிருந்தே அவர் மனதில் இருந்த முன்மாதிரி ஃபுக்கர் வம்சம். ஆக்ஸ்பர்க் நகரத்தில் கடை வைத்து, ஐரோப்பிய மன்னர்களுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்த வணிகக் குடும்பம் அது. தன் தம்பிகள் ஊருக்கு ஒருவராகக் கிளை பரப்பி, பல தலைமுறைக்கு நிற்கும் உலக வியாபாரம் ஒன்றைக் கட்ட வேண்டும் என்ற ஆசையைப் பின்னாளில் கார்லுக்கு எழுதிய கடிதத்திலும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். லண்டனை வெட்டிவிட்டால் அந்த ஆசை பெர்லினோடு முடிந்துபோகும்.

1865இல் லண்டன் தொழில் தனியாகப் பிரிந்தது. ‘சீமென்ஸ் பிரதர்ஸ்’ என்று பலகை மாறியது. ஹால்ஸ்கேயின் பெயர் அதில் இல்லை. நஷ்டம் வந்தால் இனி உடன்பிறந்தவர்களுக்குள்தான்.

இந்த இடத்தில்தான் தொடரின் மையமான கேள்வி முதல் தடவையாக முகம் காட்டுகிறது. கூட்டாளி ஒருவர் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள விலகலாம், அது அவர் உரிமை. தம்பி எப்படி விலகுவான்? விலக முடியாதவர்கள் மட்டும் மிஞ்சிய பிறகுதான் இந்தக் கம்பெனி மிகப் பெரிய சூதாட்டங்களில் இறங்கியது. அது பலமா, ஆபத்தா என்றால் இரண்டும்தான் என்பேன்.

காலியாகும் நாற்காலிகள்

அடுத்த மூன்று வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம்.

1865 ஜூலையில் வெர்னரின் மனைவி மதில்டே இறந்தார். 1866 கடைசியில், நிரந்தரக் காந்தம் இல்லாமலே சுழற்சியிலிருந்து வலுவான மின்சாரம் எடுக்கும் வழி வெர்னருக்குப் பிடிபட்டது. இரும்பில் மிச்சமிருக்கும் துளி காந்தம் சிறு மின்னோட்டத்தை எழுப்பும், அந்த மின்னோட்டம் காந்தத்தை வலுப்படுத்தும், வலுத்த காந்தம் இன்னும் பெரிய மின்னோட்டத்தை எழுப்பும். டைனமோ பிறந்தது. 1867 ஜனவரியில் பெர்லின் அறிவியல் அகாடமியில் அது வாசிக்கப்பட்டது. பிப்ரவரியில் லண்டன் ராயல் சொசைட்டியில் வில்ஹெல்ம் வாசித்த அதே மாலை, ஆங்கில விஞ்ஞானி வீட்ஸ்டனும் அதே தத்துவத்தை வாசித்தார்! டைனமோவுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும், அது பின்னால் வருகிறது. அன்றைக்கு அது இன்னும் சோறு போடும் நிலையில் இல்லை.

சோறு போட்டுக்கொண்டிருந்த ரஷ்யப் பராமரிப்பு ஒப்பந்தம் 1867இல் முடிந்தது.

அதே வருடக் கடைசியில் ஹால்ஸ்கே பெர்லின் கம்பெனியிலிருந்தும் விலகினார். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. தன் பங்குப் பணத்தை உடனே உருவிக்கொள்ளாமல், கடனாகப் பல வருடம் கம்பெனியிலேயே விட்டுவைத்தார். அதை ஒரே நாளில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், அவர் செய்த உதவியின் அளவு தெரியும். பெயர்ப்பலகையில் ‘சீமென்ஸ் அண்ட் ஹால்ஸ்கே’ அப்படியே நின்றது.

1868 தொடக்கத்தில் பெர்லின், லண்டன், பீட்டர்ஸ்பர்க் மூன்றும் வெர்னர், வில்ஹெல்ம், கார்ல் மூவரின் கூட்டுச் சொத்தாக ஒரே ஒப்பந்தத்துக்குள் வந்தன.

கூட்டாளி இல்லை. வருஷக் காசும் இல்லை. மூன்று சகோதரர்கள் மட்டும். அவர்கள் கண் இந்தியாவின் மேல் விழுந்தது.

வாரக் கணக்கில் வந்த தந்தி

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கல்கத்தாவோடு வேகமாகப் பேச வழி வேண்டும் என்பது லண்டனுக்குத் தலைபோகிற அவசரம். செங்கடல் வழியாக 1859, 1860இல் போட்ட கேபிள் செத்துப்போனது. அரசு உத்தரவாதம் கொடுத்திருந்ததால், பேசாத கேபிளுக்கு இங்கிலாந்துக் கஜானா பணம் கட்டிக்கொண்டிருந்தது. 1865 வாக்கில் துருக்கி வழியாகத் தரைக் கம்பியும், பாரசீக வளைகுடாக் கேபிளும் கராச்சியில் வந்து சேர்ந்தன. வழி திறந்ததே தவிர வேகம் வரவில்லை.

காரணம் எளிது. ஒவ்வொரு நாட்டு எல்லையிலும் ஒரு தந்தி குமாஸ்தா செய்தியைக் காதால் கேட்டோ நாடாவில் படித்தோ எழுதி, அடுத்த கம்பியில் மறுபடி தட்ட வேண்டும். ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாதவர் ஆங்கிலத் தந்தியைத் தட்டுவார். ஒரு எழுத்து இங்கே விழும், ஒரு சொல் அங்கே திரியும். நாள் கணக்கில், சமயத்தில் வாரக் கணக்கில் தாமதித்து வந்து சேரும்போது, பஞ்சு வாங்கச் சொன்னாரா விற்கச் சொன்னாரா என்று வியாபாரி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சீமென்ஸ் சகோதரர்கள் முன்வைத்தது புதுக் கம்பி மட்டும் அல்ல. லண்டனிலிருந்து டெஹ்ரான் வரை ஒரே கம்பெனி, ஒரே கம்பி, நடுவில் மனிதக் கை படாத தந்தி. டெஹ்ரானுக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்திய அரசின் தடம் ஏற்கெனவே இருந்தது.

மனிதக் கை படாமல் எப்படி?

செய்தியை முதலில் காகித நாடாவில் துளைகளாகக் குத்திக்கொள்வார்கள். இது நிதானமாக, தப்பு பார்த்துச் செய்கிற வேலை. பிறகு நாடா அனுப்பும் கருவிக்குள் சீராக ஓடும். துளைகளுக்கு ஏற்ப மின்னோட்டம் திசை மாறி மாறிக் கம்பியில் இறங்கும். சில நூறு கிலோமீட்டர் போனதும் அது சோர்ந்துவிடும். அந்த இடத்தில் ஒரு ரிலே காத்திருக்கும். அதன் மெல்லிய இரும்பு நாக்கை அசைக்க, வந்து சேரும் சொற்ப மின்னோட்டமே போதும். நாக்கு ஒரு பக்கம் சாய்ந்ததும் அங்கேயுள்ள பேட்டரியின் புது மின்னோட்டம் அடுத்த கம்பியில் பாயும். பக்கத்தில் நிற்கும் குமாஸ்தாவுக்கு ஆங்கிலம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? செய்தி அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

மூன்று அரசுகள், ஒரு வக்கீல்

பிரஷ்யாவும் ரஷ்யாவும் 1867இல் அனுமதி கொடுத்தன. ரஷ்யாவில் கார்லுக்கு இருந்த மரியாதை கைகொடுத்தது. மிச்சம் பாரசீகம்.

டெஹ்ரானுக்குப் போனவர் கியோர்க் சீமென்ஸ் என்ற இளம் வக்கீல். 1847இல் 6,842 தாலர் கொடுத்தாரே ஒன்றுவிட்ட அண்ணன், அவருடைய மகன். அரசவையின் தாமதங்களையும், அவரவர் நலனைக் காக்க நின்ற தூதரகங்களையும் தாண்டி, 1868 ஜனவரியில் உரிமையைக் கையில் வாங்கினார். இரண்டு வருடத்தில் பெர்லினில் டாய்ச் பாங்க் என்று ஒரு வங்கி தொடங்கியபோது, அதன் முதல் இயக்குநர்களில் ஒருவராக உட்கார்ந்ததும் இவர்தான். அந்த உறவு இந்தக் குடும்பத்துக்கு என்னென்ன செய்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பணம்? இந்த அளவுக்குக் குடும்பத்தின் கல்லாவில் கிடையாது. 1868 ஏப்ரலில் லண்டனில் ‘இந்தோ-யூரோப்பியன் டெலிகிராஃப் கம்பெனி’ பதிவானது. முதல் 4,50,000 பவுண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சீமென்ஸே எடுத்துக்கொண்டது. மற்றதைப் பங்குதாரர்கள் போட்டார்கள். கட்டும் காண்டிராக்ட் சீமென்ஸுக்கு. கட்டி முடித்த பிறகு பராமரிக்கும் காண்டிராக்ட்டும் சீமென்ஸுக்கே.

வருஷக் காசு திரும்பி வந்துவிட்டது. ரஷ்யாவில் தற்செயலாகக் கிடைத்ததை இந்த முறை ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டு வாங்கினார்கள். ஓரானில் பட்ட அடிக்கு ஈடு செய்த புத்தி இது என்று நான் கருதுகிறேன்.

இரும்புத் தொப்பி

அந்த 1868ஆம் ஆண்டு குடும்பத்திடமிருந்தும் விலை வாங்கியது. வெர்னரின் படைத்தோழரும் பெர்லின் அலுவலகத்தின் தூணுமான வில்லியம் மேயர் ஜனவரியில் இறந்தார். டிஃப்லிஸ் நகரில் குடும்பத்தின் காரியங்களைப் பார்த்துவந்த தம்பி வால்டர், அதே வருடம் குதிரையிலிருந்து விழுந்து மாண்டார். அண்ணன் வளர்த்த தம்பி. கம்பி போக வேண்டிய பாதையின் நடுமையத்தில் இருந்தவர்.

வேலை நிற்கவில்லை. லண்டனிலிருந்து எம்டன், பெர்லின், வார்சா, ஒடெசா, கெர்ச், டிஃப்லிஸ், ஜுல்ஃபா, தப்ரீஸ், டெஹ்ரான். இதுதான் தடம். ஐரோப்பியப் பகுதியில் ஏற்கெனவே இருந்த தடங்களைப் பயன்படுத்திக்கொண்டு, போலந்து எல்லையிலிருந்து டெஹ்ரான் வரை புதிதாகக் கட்டினார்கள். இங்கிலாந்திலிருந்து இரும்புக் கம்பங்கள் கப்பலேறின. ஒரு பகுதி கருங்கடல் துறைமுகங்களுக்குப் போனது. ஒரு பகுதி ரஷ்ய ஆறுகள் வழியாக வோல்காவில் இறங்கி, காஸ்பியன் கடலைத் தாண்டிப் பாரசீகக் கரைக்கு வந்தது. அங்கிருந்து ஒட்டகங்களின் முதுகில்.

மரக் கம்பம் நட்டால் குளிர்காலத்தில் யாராவது விறகுக்கு வெட்டிவிடுவார்கள், ஆகவே காக்கசஸிலும் பாரசீகத்திலும் இரும்பு. பீங்கான் இன்சுலேட்டரை அப்படியே விட்டால் வழிப்போக்கன் துப்பாக்கிக்கு இலக்காகிவிடும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் மேலே வார்ப்பிரும்பில் ஒரு தொப்பி. பெர்லினில் பித்தளை மினுக்கத்துக்குப் பேர் வாங்கிய கம்பெனி, துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் இன்சுலேட்டர் செய்யக் கற்றுக்கொண்டது.

1870 ஏப்ரல் 12

லண்டன் நிலையத்தில் வில்ஹெல்ம் பெரிய மனிதர்களை வரவழைத்திருந்தார். இந்தியா கவுன்சில் உறுப்பினர் மேஜர் ஜெனரல் சர் வில்லியம் பேக்கரும் வந்திருந்தார்.

டெஹ்ரானுக்கு ஒரு தந்தி போனது. ஒரு நிமிடத்துக்குள் அங்கே எழுத்தாக விழுந்தது.

அடுத்தது கல்கத்தா. சுமார் 11,000 கிலோமீட்டர். டெஹ்ரானுக்கு அப்பால் சீமென்ஸின் கை இல்லை. பிரிட்டிஷ் இந்தியத் தடத்தில் யாராவது அசந்திருந்தாலும் மானம் போவது வில்ஹெல்முடையதுதான். அறையில் கடிகாரம் பார்க்காதவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

28 நிமிடத்தில் தந்தி கல்கத்தா போய்ச் சேர்ந்துவிட்டது.

வாரக் கணக்கு நிமிடக் கணக்கானது. இந்தத் தடம், நடுவில் உலகப் போர் வந்து குலைத்தாலும், 1931 வரை நீடித்தது.

கடல் யாருடையது?

கொண்டாட்டம் மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. ஜூலை 1ஆம் தேதி காக்கசஸ் கரையில் பூமி அதிர்ந்தது. கருங்கடல் ஓரமாகப் போட்டிருந்த கேபிள் துண்டுதுண்டானது. கடல் திரும்பவும் ஏமாற்றியது. அந்தப் பகுதியில் கேபிளைக் கைவிட்டுக் கரைமேல் கம்பி இழுத்துத்தான் தடத்தை மீட்டார்கள். அதே ஜூலையில் பிரஷ்யாவும் பிரான்ஸும் போரில் இறங்கின.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஜூனிலேயே வந்துவிட்டது. ஜான் பெண்டர் என்ற மான்செஸ்டர் பஞ்சு வியாபாரியின் கம்பெனிகள் இங்கிலாந்திலிருந்து ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய் வரை பெரும்பாலும் கடலுக்கடியிலேயே கேபிள் போட்டு முடித்தன. அந்நிய அரசுகளின் தயவு அதிகம் தேவைப்படாத வழி. அடுத்த சில மாதங்களில் மதராஸிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை இன்னொரு பிரிட்டிஷ் கேபிள் இறங்கியது.

பெண்டர் சாதாரண ஆள் அல்ல. 1866 அட்லாண்டிக் கேபிளுக்காகச் சொந்தப் பொறுப்பில் 2,50,000 பவுண்டு உத்தரவாதம் கொடுத்தவர். கேபிள் செய்யும் தொழிற்சாலை, அதற்கு உறையிட மலாயாக் காட்டிலிருந்து வரும் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால், போடும் கப்பல், போட்ட பின் நடத்தும் கம்பெனி எல்லாம் அவர் கூட்டத்திடமே சேர்ந்துகொண்டிருந்தன. அமெரிக்காவுக்குப் போகும் தந்திக்கு அவர்கள் வைத்ததே விலை.

சார்ல்டன் தொழிற்சாலைக்கு வேலை வேண்டும். பெண்டர் கொடுக்கப்போவதில்லை. ரஷ்யாவில் பழகிய கார்ல் 1869இலேயே லண்டன் வந்து வில்ஹெல்மோடு சேர்ந்திருந்தார். அவர்களின் பேச்சு நாளுக்கு நாள் ஒரே திசையில் போனது: அட்லாண்டிக். பெண்டர் கூட்டத்துக்கு வெளியே ஒரு கேபிள், சீமென்ஸின் சொந்தக் கப்பலில்.

அப்படி ஒரு கப்பல் 1874 பிப்ரவரியில் நியூகாஸில் தளத்திலிருந்து தண்ணீரில் இறங்கவும் செய்தது. பெயர் ‘ஃபாரடே’.

ஸ்பெயினுக்கும் ஓரானுக்கும் நடுவே திரும்பத் திரும்பத் தோற்ற அதே சகோதரர்கள் அட்லாண்டிக்கில் கேபிள் இறக்க யார் பணம் கொடுத்தார்கள்? பெண்டர் கை கட்டிக்கொண்டு பார்த்திருந்தாரா?

(அடுத்த வாரம் தொடரும்)